பாட்டுக்கு இரங்காத பசு

என் வயதுக்காரர்களே, நம்மில் ஒருவர் தும்மினால் இப்போதெல்லாம் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பேரப்பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மருமகள் சுக்கைத் தட்டிக்கொண்டு வருவாள், அக்கறையா கோபமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பேருந்தில் என்றால் பக்கத்தில் இருப்பவர் எழுந்தே போய்விடுவார். எனக்கு மட்டும் யார் தும்மினாலும் நெஞ்சுக்குள் ஏதோ இளகும். முகம் தானாகச் சிரிக்கும். போன மாதம் ஒரு சாவு வீட்டில், ஜெபத்தின் நடுவில் யாரோ தும்ம, நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசியிருப்பார்கள். பிசகவில்லை. சின்ன வயதில் கற்றதை அது இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லைப் போராட்டம் நடந்த காலம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எங்கள் ஊர். மலையாள ராஜ்யத்தில் இருந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமுமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஜெபம் தமிழில், கடைப் பேச்சு மலையாளத்தில். சண்டைக்கு எது முதலில் வாயில் வருகிறதோ அது. இரண்டில் எது எங்கள் மொழி என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கிய பிறகு ஊரில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்பா தையற்காரர். முன்னறையில் மிஷின். சபை உபதேசியாரின் வெள்ளை அங்கியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நிக்கர் வரை அவர்தான் தைப்பார். அந்த வருடம் கொடி தைத்தார். தைத்ததோடு நிற்காமல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னாலும் நடந்தார். அம்மா தடுத்துப் பார்த்தாள். "தைக்கிது மட்டும் போராதா? பிடிச்சிட்டு நடக்கவும் வேணுமா?" என்று கேட்டாள். "நான் தைச்ச கொடி காத்துல எப்பிடி நிக்குன்னு பாக்கண்டாமா?" என்றார் அப்பா. இப்படிப்பட்ட மனுஷனிடம் என்ன பேச?

அப்போது தம்பி கைக்குழந்தை. நான் மூன்றாம் வகுப்பு. இவர்களைத் தவிர வீட்டில் இன்னொரு ஆள் உண்டென்றால் அது பசு. பெருங்கடவிளைச் சந்தையில் வாங்கிய செவலை. வந்த சில நாளில் ஈன்றது, ஈன்ற சில நாளில் கன்று செத்தது. கன்றில்லாத பசு பாலை அடக்கிக்கொள்ளும். மற்ற வீடுகளில் கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்துவார்கள். அப்பா சம்மதிக்கவில்லை. "அதுக்க கண்ணை ஏமாத்தப்படாது" என்று சொல்லிவிட்டு, தானே தினமும் விடிகிற நேரத்தில் செம்போடு தொழுத்துக்குள் போனார். மாட்டுக் கொட்டிலுக்கு எங்கள் ஊரில் தொழுத்து என்றுதான் பெயர்.

பாயில் படுத்தபடியே எனக்கு எல்லாம் கேட்கும். முதலில் கொஞ்ச நேரம் சத்தமே இராது. பிறகு அப்பா அடுக்கடுக்காகத் தும்முவார். "வைக்கோல் தூசி அவியளுக்கு ஒக்காது" என்று அம்மா அடுப்படியில் இருந்து பரிதாபப்படுவாள். தும்மல் ஓய்ந்ததும் ஒரு பழைய ஞானப்பாட்டு கிளம்பும். அப்பாவுக்கு ராகம் என்பது தூரத்துச் சொந்தம். எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும். பாட்டோடு சேர்ந்து செம்பில் பால் விழும் சத்தம். அது கேட்டால் கருப்பட்டிக் காப்பி வரப்போகிறது என்று அர்த்தம். என் வாயில் எச்சில் ஊறும்.

சபையில் இந்த விஷயம் பிரசித்தம். தையற்காரன் வீட்டுப் பசு பாட்டுக் கேட்டால்தான் பால் கொடுக்கும் என்பதில் உபதேசியாருக்குத் தனிப் பெருமை. பிரசங்கத்தில் இரண்டு தடவையாவது அந்தப் பசு வந்துவிட்டது. மனுஷர் நாம்தான் மனம் கடினப்பட்டுக் கிடக்கிறோம் என்று முடிப்பார்.

கொடி பிடித்தவர்களைத் தேடி ஒரு நாள் மத்தியானம் போலீஸ் வந்தது. செம்மண் இடைவழியில் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே அப்பா பின்வாசல் வழியாக மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டார். வந்தவர்கள் தைத்து வைத்திருந்த துணிகளையெல்லாம் முற்றத்தில் வாரிப் போட்டார்கள். ஊரான் துணி, அம்மா ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். அதன் பிறகு எத்தனையோ காலம், பூட்ஸ் போட்டவர் யார் நடந்தாலும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தபால்காரருக்குக்கூட நான் பயந்திருக்கிறேன்.

பயம் என் நாக்கோடு நிற்கவில்லை. தம்பி அழுதால் அம்மாவின் சட்டை நனைவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் முற்றத்தில் நின்றாலும் சரி, கோயிலில் நின்றாலும் சரி. போலீஸ் வந்து போன பிறகு தம்பி எவ்வளவு அழுதும் சட்டை நனையவில்லை. பிள்ளை வெறும் மார்பைச் சப்பிவிட்டு இன்னும் அதிகமாக அழுதது. சரி, பசு இருக்கிறதே என்று அம்மா செம்பை எடுத்துக்கொண்டு போனாள். பசு அவளைப் பார்த்தது, வைக்கோலைத் தின்றது. மடி பாறையாகக் கனத்திருந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

அம்மா செய்யாதது இல்லை. அப்பாவின் துவர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டாள். கடைசியில் பாடினாள். அம்மாவுக்கு நல்ல குரல், ராகம் தப்பாது. அதனால்தான் பசுவுக்கு அடையாளம் தெரியவில்லையோ என்று அப்பாவைப் போலவே ராகம் தப்பியும் பாடிப் பார்த்தாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று பாட்டுத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

உபதேசியார் கேள்விப்பட்டு மாதர் சங்கத்துப் பெண்களோடு வந்து சேர்ந்தார். தொழுத்துக்குள் இடமில்லாமல் பாதிப் பேர் வெளியே நின்றார்கள். அந்த ஞானப்பாட்டின் எல்லா அடிகளையும் பாடினார்கள். பசு வாலைத் தூக்கி உபதேசியாரின் வேட்டி நனைகிற அளவுக்கு மூத்திரம் பெய்தது. "சோதனைதான்" என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குப் போனார். பக்கத்து வீடுகளில் பால் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். போலீஸ் வந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் வைக்க ஆட்களுக்குப் பயம். பாட்டுப் பாட வந்தவர்கள்கூடக் கூட்டமாக வந்ததால்தான் வந்தார்கள்.

தம்பிக்குக் கஞ்சித் தெளிவு கொடுத்தோம். கழிச்சல் வந்தது. உச்சந்தலையில் அந்த மெத்தென்ற இடம் உள்ளே குழிந்துவிட்டது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொழுத்துக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அவள் பசுவின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். "உனக்கும் எனக்கும் ஒரே நோவாக்கும். நாம ரெண்டு பேரும் சேந்து எனக்க பிள்ளையைக் கொல்லப் போறோம்" என்றாள். பசு அசை போட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு அப்பாவைத் தேடியது. வேறு எப்படிச் சொல்ல. தொழுத்துக்குள் புல்தொட்டியின் மேல் ஏறி நின்று, அவர் துவர்த்து தொங்கவிடும் ஆணியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். ஆணிக்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்து. உள்ளே வெட்டுத் துணியில் சுற்றிய ஒரு தகர டப்பி. திறந்தேன். அப்பாவின் மணம் வந்தது. அவர் மடியில் உட்காரும்போது வருமே, அதே மணம். டப்பிக்குள் முகத்தையே வைத்து ஆழமாக இழுத்துவிட்டேன்.

மூக்குப்பொடி. என் ஆவி பிரிந்து வந்தது. தும்மினேன், தும்மினேன், கண்ணும் மூக்கும் ஒழுகத் தும்மினேன். ஓய்ந்து நிமிரும்போது பசு தின்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. பின்னங்கால்களைக் கொஞ்சம் அகற்றி வைத்தது. பிறகு, யாரும் தொடாமலே, அதன் காம்புகளிலிருந்து தரையில் பால் சொட்டத் தொடங்கியது.

"அம்மோ! செம்பு! செம்பு!" என்று நான் போட்ட கூச்சலில் தம்பிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா அலறிக்கொண்டு வந்தாள்.

கறந்து முடித்து, தம்பிக்குச் சங்கில் புகட்டி, அவன் உறங்கின பிறகுதான் அம்மா அந்த டப்பியைக் கையில் வாங்கினாள். எங்கள் சபையில் புகையிலை தொட்டவனுக்கு ஆராதனையில் இராப்போஜன அப்பம் கிடையாது. கலியாணத்தன்று அப்பா அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து விட்ட பழக்கம் அது. டப்பியை முகர்ந்தாள். பொந்தைப் பார்த்தாள். "இதாக்கும் அவிய தினமும் இஞ்ச வந்து நடத்தின காலை ஜெபம்" என்றாள். கோபம் வரும் என்று நான் பயந்து நின்றேன். அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அன்றுதான் சிரித்தாள்.

இதைத் தம்பி மகளிடம் ஒருமுறை சொன்னேன். அவள் கால்நடை டாக்டர். "அத்தை, மூளைக்குப் பாவம் புண்ணியம் ஒண்ணும் தெரியாது. எதுக்குப் பொறவு எது வருதுன்னு மட்டும் பாத்து வைக்கும். தினமும் தும்மல் கேட்ட ஒடனே மடியில கை விழுந்தா, தும்மலே போரும், மூளை பாலை எறக்கிப்போடும். பயந்தா அதே மூளை பாலைப் பிடிச்சு வைக்கும். மாட்டுக்கும் அப்பிடித்தான், மனுஷிக்கும் அப்பிடித்தான்" என்றாள். பாட்டு எப்போதும் பால் இறங்கிய பிறகு வந்தது. பசுவுக்கு அது தேவைப்படவில்லை. நாங்கள் எல்லாரும் பாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். நல்ல காரியத்துக்கு நல்லதுதானே காரணமாக இருக்கும் என்று விசுவாசிகள் நினைப்பது இயல்பு. கள்ளப் பொடி காரணமாக இருக்கும் என்று யார் நினைப்பார்?

அதன் பிறகு தினமும் விடியலில் அம்மா தொழுத்துக்குள் போய், "ஆண்டவரே, பிள்ளைக்காக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை இழுப்பாள். மாதர் சங்கத்துக் காரியதரிசி அவள். தம்பி தேறினான். அவன் தேறத் தேற அம்மாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வந்தது. உபதேசியாரோ தாம் பாடிய பாட்டு தாமதமாகப் பலித்துவிட்டது என்று சபையில் சாட்சி சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்துச் சொல்லப் பொடிக் கதையை அல்லவா அவிழ்க்க வேண்டும்.

அப்பா காஞ்சிரங்குளம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். அங்கிருந்து வரும் மீன்காரம்மாதான் எங்களுக்குத் தூது. தம்பிக்குப் பாலில்லை என்று அம்மா முன்பு அழுதுகொண்டு சொல்லிவிட்டதை அவள் சொல்ல நேரம் வாய்க்காமல், இங்கே எல்லாம் சரியான பிறகுதான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா கேட்ட நிமிஷமே புறப்பட்டுவிட்டார். இருட்டின நேரத்தில் மரச்சீனிக்குள்ளிருந்து வந்து நின்றார். தம்பி கொழுகொழுவென்று கிடந்தான்.

"பாலில்லைன்னு சொன்னாளே?"

"அது முந்தி. இப்பம் உண்டு. நீங்க எதுக்கு வந்திய?" என்று அம்மா பதறினாள். சொல்லிக்கொண்டே அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன் போய்விடுகிறேன் என்று அப்பா தொழுத்துப் பரணில் வைக்கோலுக்குள் ஏறிப் படுத்தார். களைப்பில் உறங்கிவிட்டார்.

விடிந்தும் விடியாமல் இடைவழியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். நரைத்த மீசை வைத்த ஒரு ஏட்டு, முகத்தில் இன்னும் பரு மாறாத ஒரு இளம் போலீஸ்காரன். இளையவன் வீட்டைப் புரட்டினான். ஏட்டு முற்றத்தில் நின்றார். பிறகு இருவரும் தொழுத்துக்கு வந்தார்கள். அம்மா கறப்பதற்காகச் செம்போடும் டப்பியோடும் உள்ளே நின்றிருந்தாள். நான் அழுகிற தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பேசக்கூடாது, மேலே பார்க்கக்கூடாது என்று கண்ணைப் பசுவின் மேலேயே வைத்திருந்தேன்.

அப்போது பரணில் அப்பா தும்மினார்.

அடக்கப் பார்த்த தும்மல். துணியை வாயில் திணித்துக்கொண்டு தும்மினால் வருமே, அப்படி. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. அம்மா சட்டென்று டப்பிக்குள் விரலை விட்டு மூக்கில் வைத்து இழுத்தாள், தான் தும்மியதாகக் காட்டிவிடலாம் என்று. பயத்தில் அவளுக்குத் தும்மல்கூட வரவில்லை. டப்பி கைதவறி விழுந்து பொடி சாணத்தில் கொட்டியது.

"ஏட்டே, முகளில் ஆளுண்டு" என்று இளையவன் பரணுக்குச் சாத்தியிருந்த ஏணியில் கால் வைத்தான்.

ஏட்டு ஏணியைப் பார்க்கவில்லை, பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசு தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தது. கால்களை அகற்றி வைத்தது. அம்மாவின் கை அதன் மேல் படவே இல்லை. நான்கு காம்பிலிருந்தும் பால் நூலாக இறங்கி மண்ணில் விழுந்தது. அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்டது. தம்பி அழுதுகொண்டிருந்தான். ஏட்டு பசுவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மாடு வளர்க்கிறவனுக்கு இதில் விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை. தன்னைக் கறக்கிற ஆளின் சத்தம் கேட்டால் பசு அப்படிச் சுரக்கும்.

"இறங்ஙடா" என்றார் இளையவனிடம். "அது பசுவாணெடா தும்மியது."

"பசுவோ?"

"பசுவும் தும்மும். எந்றெ வீட்டிலும் உண்டு ஒரெண்ணம்." பிறகு அம்மாவிடம் திரும்பி, "கறந்நோ, கறந்நோ. பாலு போகுந்நு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். இளையவன் ஏணியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் போனான்.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து கறந்தாள். பாதிப் பால் செம்புக்கு வெளியே போயிற்று. நுரை அடங்கும் முன்பே ஒரு பித்தளைத் தம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "ஓடு மக்கா. அந்த மீசைக்கார ஏட்டுக்குக் குடுத்திட்டு வா."

"பூட்ஸு..." என்றேன்.

"போ மக்கா. அவரைப் பேடிக்கண்டாம்."

இடைவழித் திருப்பத்தில் ஏட்டு தனியாக நின்றார். இளையவன் சாலையோரக் கடையில் பீடி பற்றவைக்க முன்னால் போயிருந்தான். நான் தம்ளரை நீட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே குடித்தார். மீசையைத் துடைத்தார். தம்ளரைத் திருப்பித் தரும்போது குனிந்து மெல்லச் சொன்னார்: "மோளே, அச்சனோடு பற, வைக்கோலில் கிடக்கண்டான்னு. பொடி கேறும். நாளெ வருந்நது ஞானல்ல, வேறெ ஆளுகளா."

அப்பா வைக்கோலில் படுக்க வேண்டாம், தூசி மூக்கில் ஏறும்; நாளைக்கு வருவது வேறு ஆட்கள். அவர்கள் வரும்போது அப்பா காஞ்சிரங்குளத்தையும் தாண்டிப் போயிருந்தார். வந்தவர்கள் பரணில் ஏறி வைக்கோல் முழுவதையும் கீழே இழுத்துப் போட்டுக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். அந்தக் கம்பி உள்ளே போய் வெளியே வருவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வழக்குகள் எல்லாம் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தபோது எல்லை போட்டாயிற்று. அவர் கொடி பிடித்து நடந்தும் எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. அதற்காக அவர் கொஞ்ச நாள் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஒரு புது டப்பி வாங்கி மிஷின் மேல் வைத்தாள். "இனி ஒளிச்சுப் போகண்டாம். இஞ்ச இருந்தே தும்முங்க. உபதேசியாரு வந்தா மட்டும் மறைச்சுக்கிடுங்க" என்றாள். அப்பா தைத்து முடித்த துணியையே எடுத்து மறுபடியும் தைத்தார்.

அந்தக் காலத்தில் பெரியவர்கள் போலீஸ்காரரை எல்லாம் சாத்தானின் பிள்ளைகள் என்றார்கள். மலையாளத்தார் எல்லாரும் ஒன்று என்றார்கள். நானும் கேட்டு வளர்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டு இரவு ஜெபத்தில், அப்பாவுக்காகவும் எங்களுக்காகவும் பசுவுக்காகவும் வேண்டின பிறகு, அம்மா கடைசியாக "அந்த ஏட்டையும் காத்தருளும்" என்பாள். அவர் எந்த ஊர், எந்த ஸ்டேஷன், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. பிறகு ஒருநாளும் அவரைப் பார்க்கவும் இல்லை.

"அம்மோ, பேரு சொல்லாம ஜெபிச்சா ஆண்டவருக்கு எந்த ஏட்டுன்னு எப்பிடித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொப்பியைக் கழத்திட்டுப் பால் குடிச்ச ஏட்டுன்னு சொல்லு மக்கா" என்றாள் அம்மா. "அப்பிடி எத்தனை பேரு இருப்பாவ?"

அம்மா போய், அப்பாவும் போன பிறகு, அந்த வேண்டுதல் என் பங்குக்கு வந்தது. ஏட்டும் எப்போதோ போயிருப்பார். இருந்தாலும் நான் விடவில்லை. இரவு எல்லாப் பெயர்களையும் சொல்லி முடித்து, கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பால் குடித்த அவரையும் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.